ஏழு கடிதங்கள், ஆறு பண்ணைகள்

சனிக்கிழமை காலை 9.30. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மழை தூறிக்கொண்டிருந்தது. நானும் மனைவி வசந்தியும் பரிங்டனில் வண்டி மாறி, கிழக்குக் குரோய்டனில் இறங்கி, டிராமுக்கு ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ் கொடுத்து, மார்கரெட்டின் வீட்டு வாசலில் நின்றபோது பதினொன்றேகால். மார்கரெட் எங்கள் பழைய அயலவர். வயது எண்பத்து நான்கு. திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வீட்டில் உள்ளதைக் கழிக்குமுன் சில பழைய கடிதங்களை வாசித்துக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் முகவரி பார்த்துக் கடிதம் பிரித்தவன். எந்தக் கோழிக்கிறுக்கலையும் வாசித்துவிடுவேன்.

அவருடைய பூட்டனின் தம்பி தோமஸ், நியூசிலாந்து ஆட்டுப்பண்ணைகளுக்குப் பிழைக்கப் போனவன். தாய்க்கு எழுதிய கடிதங்கள் ஏழு. மூன்று வேளையும் ஆட்டிறைச்சியாம். தனக்கு இருபதாயிரம் ஆடாம், நாலு அறை வீடாம். "கம்பளி கத்தரித்து முடிந்ததும் வருகிறேன், அம்மா" என்று ஒவ்வொன்றும் முடிந்தது. அவன் வரவேயில்லை.

"பணம் வந்ததும் தாயை மறந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் அவன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை," என்றார் மார்கரெட். குப்பைப் பை பக்கத்தில் தயாராக இருந்தது.

தொழில் பழக்கம், நான் முகவரியைத்தான் முதலில் பார்ப்பேன். அனுப்பிய இடமாக ஏழு கடிதங்களிலும் ஆறு பண்ணைகள்; ஒவ்வொன்றும் வேறொரு முதலாளியின் பெயரில். இருபதாயிரம் ஆட்டுக்காரன் மூட்டை முடிச்சோடு இப்படி அலைவானா?

"இவர் பண்ணைக்காரர் இல்லை, கம்பளி கத்தரித்த கூலியாள்," என்றேன். "ஓரிடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடத்துக்கு நடந்திருக்கிறார்."

"அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை?"

"தாய் எதிர்பார்த்திருந்தது நாலு அறை வீட்டுக்காரனை. கூலிக்காரன் எந்த முகத்தோடு போய் நிற்பான்?"

மார்கரெட் குப்பைப் பையைக் காலால் தள்ளிவிட்டார். பிறகு கடிதங்களை எடுத்துத் இல்லத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியில், உடுப்புகளுக்கு மேல் வைத்தார்.

பிற்பகல் 3.40. திரும்பும் வண்டி. வசந்தி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் அம்மாவைப் பற்றிக் கேட்டாள்:

"நீங்கள் மாமியைப் பாக்கப் போகாததும் இதாலதானே?"

சண்டை ஓய்ந்து பாதை திறந்து சனமெல்லாம் யாழ்ப்பாணம் போய் வந்த காலத்தில், லீவு தரவில்லை என்று இவளிடம் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு நான் எழுதியதோ, எனக்கு வங்கி மனேஜர் வேலை என்று. அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். அவர் கண்மூடும்வரை நான் போகவில்லை.

"ஓம்," என்றேன்.

"மாமிக்கு உங்கடை தபால் வேலை தெரியுமப்பா. ஊருக்குப் போன ஆரோ சொல்லிப்போட்டினம். உங்களுக்கு வெக்கமாயிருக்குமெண்டு நான்தான் மறைச்சுப்போட்டன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "'நான் அவன்ரை வேலையைக் கேக்கேல்லைப் பிள்ளை, அவனைத்தான் கேக்கிறன்' எண்டு போனிலை சொன்னவ."

பரிங்டன் வந்தது. வசந்திதான் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.