ஒன்றாகப் பிடிபட்டால் தாலி, தனியாகப் பிடிபட்டால் அடி

பழவேற்காட்டிலிருந்து நண்டு வண்டி ஓட்டுகிறவர்களில் என்னைப் போல ஆளை எடை போடுகிறவன் கிடையாது. ஒருவர் வண்டியில் கால் வைத்ததுமே அவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை சொல்லிவிடுவேன்.

இது பொய். என் வீட்டுக் குழம்பே தட்டில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது சத்துணவுக்காக. சாப்பாட்டு மணி அடித்தால் உள்ளே இருப்பேன், பாட மணி அடித்தால் வெளியே இருப்பேன். ஸ்டாண்டில் புதிதாக வண்டி எடுத்திருக்கும் பையன்கள், "வீட்ட வுட்டு ஓடியாற பசங்க வண்டில ஏறினா எப்படிணா கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டார்கள். அதற்காகச் சொல்கிறேன். என் மகள் எழுதுகிறாள். சிரிப்பு வந்தால் பேனாவை வைத்துவிடுகிறாள்.

1. தங்கச்சியும் அக்காவும்

என் குட்டியானை வண்டியில் ஏறுவது தண்ணி நண்டு. தோல் உரித்து, இன்னும் சதை பிடிக்காத நண்டு. சூலூர்பேட்டைப் பக்கம் குட்டை வெட்டி வளர்க்கிறவர்களுக்குப் போகும். உயிரோடு போனால்தான் சரக்கு. அதனால் வழியில் அங்கங்கே நிறுத்தி, மேலே மூடிய சாக்கு காயாமல் எங்கள் ஏரியின் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் நண்டு தாங்காது. வண்டியில் எப்போதும் ஒரு கேன் ஏரித் தண்ணீர் இருக்கும்.

அன்று காலை பொன்னேரி சாலையில் ஒரு பையனும் பெண்ணும் கை காட்டினார்கள். பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். மீசை வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பெண் ஒரு வயது சின்னவள். தோளில் புத்தகப் பை.

"ணா, சூலூர்பேட்ட போவுமா?" என்றான் பையன்.

"போவும். பஸ்சுக்கு இன்னா கேடு?"

"அவசரம்ணா. அத்தைக்கு ஒடம்பு முடியல."

அவன் வாயை மூடுவதற்குள் பெண், "பெரியம்மாவுக்குக் காலு ஒடஞ்சிடுச்சி" என்றாள்.

"ஒரே பொம்பளதானா, ரெண்டு பேரா? சரி, நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"தங்கச்சிணா" என்றான் அவன். அதே நொடியில் "அக்கா" என்றாள் அவள்.

எனக்குக் குஷியாகிவிட்டது. ஓடி வந்த ஜோடி. வேறென்ன இருக்க முடியும்? பையன் வாய் மூடவில்லை. கியரைப் பற்றிக் கேட்டான், டீசலைப் பற்றிக் கேட்டான், நண்டு கடிக்குமா என்று கேட்டான். பின்னால் பைக் சத்தம் வந்தால் மட்டும் பேச்சு பாதியில் அறுந்து, கழுத்து திரும்பும். அந்தப் பெண் பேசவே இல்லை. சீட்டில் சாயவும் இல்லை. கதவுக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி வந்தாள். நான் கொடுத்த பன்னில் பாதியைத் தின்று மீதியைத் தாளில் மடித்துப் பையில் வைத்தாள். அடுத்த சாப்பாடு எப்போது என்று தெரியாத பிள்ளைகள்தான் அப்படிச் செய்யும்.

பை திறந்தபோது உள்ளே பார்த்தேன். பிசிக்ஸ் புத்தகமும் கெமிஸ்ட்ரி புத்தகமும் இருந்தன. காதலித்து ஓடுகிற எந்தப் பெண் பிசிக்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்? அப்போது இதை யோசித்திருந்தால் உங்களுக்குக் கதை கிடைத்திருக்காது.

2. நான் செய்த பெரிய உதவி

கும்மிடிப்பூண்டி தாண்டித் தண்ணீர் தெளிக்க நிறுத்தினேன். ஒரு கூடையில் கட்டு அவிழ்ந்து ஒரு நண்டு கொடுக்கை விரித்துக்கொண்டிருந்தது. நான் குச்சி தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பின்பக்கமாகக் கையை விட்டு அதை அமுக்கிப் பிடித்து, சணலை இரண்டு சுற்று சுற்றி முடிந்துவிட்டாள். ஏரிக்குப்பத்துப் பெண் என்று அப்போதே தெரிந்துபோனது.

அவர்கள் இருவரும் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தபோது நான் வண்டிக்கு முன்னால் போய் எளாவூரில் டீக்கடை வைத்திருக்கும் பாபுவுக்கு போன் போட்டேன்.

"பாபு, ஒரு ஜோடி கொண்டாரேன். அங்க கோயில்ல பூசாரி கீறாரா கேளு. ரெண்டு மாலையும் சொல்லி வை. நம்ம செலவு."

கன்னிகாதானம் செய்து கொடுத்த பெருமையோடு திரும்பினேன். அந்தப் பெண் எதிரே நின்றாள். கையில் தண்ணீர் மக்கு.

"யாருக்கு மால?"

"ஒங்களுக்குத்தாம்மா. பயப்படாத. நான் காதலுக்கு எதிரி கெடையாது."

"காதலா? இவனயா? மூக்கு ஒழுகுறதுகூட தெரியாம திரிவான் அண்ணே, நான்தான் தொடைன்னு சொல்லணும்."

"அது சின்ன வயசுல" என்றான் பையன்.

"போன வாரம்" என்றாள் அவள்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் பெயர் வினிதா. அவன் மதன், அவள் அத்தை மகன். எந்தக் குப்பம் என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. அந்தக் குப்பத்தில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. தலைக்கட்டு இருக்கும் வீட்டுக்குத்தான் பாடு. மதனுடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது மதனும் அவன் அம்மா அஞ்சலையும்தான். அடுத்த குலுக்கலுக்குள் மதனுக்குக் கல்யாணம் ஆகவில்லையென்றால் அந்த வீட்டின் முறை போய்விடும். அதனால் அஞ்சலையின் அண்ணன் ஏழுமலை, அதாவது வினிதாவின் அப்பா, இவனுக்கும் இவளுக்கும் வயதைக் கூட்டிச் சொல்லித் தாலி கட்டிவிட நாள் குறித்துவிட்டார்.

"எனக்குப் பாடு வேணும்ணா. பொண்டாட்டி வேணாம்" என்றான் மதன்.

"அப்ப இன்னாத்துக்குடா சேர்ந்து ஓடியாந்தீங்க?"

வினிதா மக்கைக் கீழே வைத்தாள். "சூலூர்பேட்ட வரைக்குந்தாண்ணே சேர்ந்து. அங்கேர்ந்து நான் நெல்லூர் ரயிலு, எங்க ஸ்கூல் அக்கா ஒண்ணு அங்க நர்சிங் படிக்குது. இவன் என்ன ரயிலேத்திட்டு, திரும்பி தடா பக்கம் கம்பெனி வேலைக்கு. தனித்தனியா மாட்டினா அடிதான் வுழும். ஒண்ணா மாட்டினா அங்கியே கட்டி வெச்சிடுவாங்க."

மாலை வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பாபு.

"அண்ணே, பூசாரிய கேக்கசொல்ல ஒரு ஆளு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. எந்த வண்டி, எந்த ஜோடின்னு கேட்டாரு. நான் ஒன் வண்டியச் சொல்லிட்டேன். பொண்ணோட நைனாவாம். செக்போஸ்ட்டுல வழி பாத்துக்கினு நின்ன ஆளாம். ரெண்டு பைக்கு ஒன்ன பாத்து வந்துக்கினு கீது."

3. மதன் இறங்கினான்

அப்போதுதான் அவர்களுடைய உண்மையான குணத்தைப் பார்த்தேன். அவ்வளவு பேசிய மதன் ஊமையாகிவிட்டான். பேசாத வினிதா, "வண்டிய திருப்புணே" என்றாள்.

"எங்க?"

"கும்மிடிப்பூண்டி. பொம்பளைங்க போலீஸ் டேசன்."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒன்றுக்கு வந்தது. லைசென்ஸ் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. "நெல்லூருதான் போறன்னு சொன்னியேம்மா?"

"இப்ப எங்க போனாலும் தொரத்துவாங்க. எனக்குப் பதினாறுன்னு யார்கிட்டனா சொல்லணும்ல."

திருப்பினேன். நண்டு ஏற்றிய குட்டியானையின் வேகம் உங்களுக்குத் தெரியும். கல்யாண ஊர்வலம் எங்களை முந்திப் போகலாம். கண்ணாடியில் இரண்டு பைக் தெரிந்தது. முன்னால் இருந்த பைக்கின் பின்சீட்டில் வெள்ளைச் சட்டை. "நைனா" என்றாள் வினிதா. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனேன். பைக் பக்கத்தில் வந்துவிட்டது. ஏழுமலை கதவைத் தட்டினார்.

"டேய் டைவரு, நிறுத்துறா. எங்க வூட்டுப் பொண்ணுடா அது."

நிறுத்தினால் இருவரும் ஒரே சீட்டில் இருப்பார்கள். அவர் சட்டைப் பையில் மஞ்சள் கயிறு இருந்ததை அந்த ஓட்டத்திலும் நான் பார்த்தேன்.

மதன் என் தோளைத் தொட்டான். "ணா, ஓரமா கொஞ்சம் ஸ்லோ பண்ணு. நான் எறங்கிக்கிறேன்."

"கொன்னுடுவாங்கடா."

"அடிப்பாங்க. அவ இல்லாம நான் மட்டும் கெடச்சா அடிக்கத்தான் முடியும்."

அவனுக்குப் பயம் போகவில்லை, பல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்லோ பண்ணினேன். குதித்தான். விழுந்து எழுந்து, நேராக ஓடிப்போய் மாமனுடைய பைக்குக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றான். பின்னால் வந்த பைக்கும் நின்றுவிட்டது. கண்ணாடியில் முதல் அறை விழுவதைப் பார்த்தேன். வினிதா திரும்பிப் பார்க்காமல், "போணே" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

4. டேசனில்

இன்ஸ்பெக்டர் மேடம் வினிதாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் நீ?"

"நண்டு வண்டி, மேடம். இந்தப் பொண்ணுக்கும் எனக்கும் ஒறவு ஒண்ணும் கெடையாது."

"லவ்வா?" என்று அவளிடம் கேட்டார்.

"இல்ல மேடம். கல்யாணம் வேணாம்னுதான் ஓடியாந்தோம்."

"யாரோட கல்யாணம்?"

"அவனோடதான்."

"வேணாம்னா எதுக்குமா அவன்கூடவே ஓடியாந்த?"

"தனியா ஓட பயமா இருந்துச்சி மேடம். அவனுக்கும் பயம்."

மேடம் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் அன்றைக்கு முதல் தடவையாகச் சாய்ந்தாள்.

மதனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏழுமலை வந்தார். பையனின் உதடு கிழிந்திருந்தது.

"பொண்ணு ஓடிப்போச்சின்னு ஊரே பேசிடுச்சி மேடம். இனிமே இவள எவன் கட்டுவான்? இப்பவே முடிச்சிட்டா மானம் போவாது."

"பதினாறு வயசுப் பொண்ணுக்குத் தாலி கட்டுனா நீங்கதான் உள்ள போவீங்க."

"பாடு போயிடும் மேடம். எங்க அக்கா வூட்டு சோறு."

அக்கா என்றா சொன்னார், தங்கச்சி என்றா சொன்னார் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் யாருக்குமே உறவு முறை வாயில் நிற்காது. அஞ்சலை அவருக்குத் தங்கச்சிதான்.

மதன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பேசினான். "மாமா, எங்கப்பன் முறைய எங்கம்மா பேர்ல குடுக்கச் சொல்லிக் கூட்டத்துல கேளு. வல நான் கட்டுறேன். அதுக்கு எனக்கு எதுக்கு ஒரு பொண்டாட்டி?"

"பொம்பளைக்குத் தலக்கட்டாடா? சிரிப்பானுங்க."

"சிரிச்சிக்கட்டும். இப்ப இன்னா அழுவுறாங்களா?"

மேடம் இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்கு அனுப்பவில்லை. குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து ஆள் வந்து பேசி, கல்யாணம் செய்து வைக்க மாட்டேன் என்று ஏழுமலையிடம் எழுதி வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். வினிதா பரீட்சை எழுதினாள். என் நண்டில் பாதி செத்துவிட்டது. ஓனர் திட்டிய திட்டை என் மகள் எழுத மறுக்கிறாள்.

பையன்களே, உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஓடி வந்த பிள்ளைகளை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஏன் ஓடி வந்தார்கள் என்பது முகத்தில் இருக்காது. நீங்களாகக் கதை கட்டி யாருக்கும் போன் போடாதீர்கள். வண்டியை நிறுத்தி, தின்ன ஏதாவது கொடுத்து, அவர்களையே கேளுங்கள். பொய் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

அப்புறம் குப்பத்தில் கூட்டம் நடந்தது. நானும் கரையோரமாய் நின்று பார்த்தேன். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த இடத்தில் அஞ்சலை எழுந்து நின்றார். ஒருவன் சிரித்தான். அவர் அவனைப் பார்த்து, "ஏண்டா, ஒன் பொண்டாட்டிக்கு ஒரு நாளு..."

"இன்னாணே, அங்க கதையளந்துக்கினு நிக்கிற? என் முறைக்கு வுழுந்த நண்டு வெயில்ல காயுது. வந்து ஏத்து."

அஞ்சலையம்மாதான் கூப்பிடுகிறார். போகிறேன்.