லேத்தில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் ஜப்பானிலிருந்து ஒருவர் எங்கள் கம்பெனியைப் பார்வையிட வந்தார். திருநகர் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருக்கும் உதிரிபாகக் கம்பெனி. சுத்தத்தைச் சரிபார்க்கும் பட்டியல் என் பொறுப்பு, நாற்பத்திரண்டு வரிகள்.

ஜப்பான்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று மேனேஜர் எல்லா இயந்திரங்களிலும் சந்தனம், குங்குமத்தைத் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னார். பதினாறு வருடமாக லேத் ஓட்டுபவர் மட்டும் தன் லேத்தில் ஒரு பொட்டை விட்டுவைத்தார்.

"இம்புட்டுப் பொட்டு யாரக் கடிக்கப் போகுதுண்ணே?" என்றார் என்னிடம்.

'இயந்திரத்தில் கறை. பலமுறை சொல்லியும் அகற்றவில்லை' என்று மெமோ எழுதியது நான்தான். மேனேஜர் கையெழுத்திட்டார். லேத்காரருக்கு அது மூன்றாவது மெமோ. மூன்று மெமோ ஆனால் வேலை மாற்றம் என்ற எங்கள் விதிப்படி, அவரை லேத்திலிருந்து இறக்கிப் பேக்கிங்கில் போட்டார்கள். பொட்டையும் துடைத்தார்கள்.

வந்தவர் லேத்தின் நம்பர் தகட்டு இடுக்கில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் தொட்டு, என்ன இது என்று கேட்டார். பழைய பழக்கம், நிறுத்திவிட்டோம் என்று மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். வந்தவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். அவருடைய கம்பெனிக்கு முதன்முதலில் வந்த ஜெர்மன் லேத். அதில் வைக்கோல் கயிறு கட்டியிருந்தது. மேலே சுவரில் சின்னதாக ஒரு சாமி மாடம்.

மொழிபெயர்க்க வந்த பெண் சொன்னார்: "புத்தாண்டுக்கு எல்லா மெஷினுக்கும் கட்டுவாங்களாம். வெளிநாட்டு மெஷினுக்கும். நீங்க ஏன் நிறுத்துனீங்கன்னு கேக்குறார்."

மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனிதர் எதைக் கேட்பார், எதை வெறுப்பார் என்று அவரைப் பார்க்கும் முன்பே நாங்களாக முடிவுசெய்து ஒருவரைத் தண்டித்திருந்தோம். இப்போது பொட்டு வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். லேத்காரரைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள்.

அவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மெமோவக் கிழிச்சிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கண்ணே. வாரேன்."

மெமோ மெமோதான் என்றார் மேனேஜர். தானே லேத்தில் பொட்டு வைத்து, விருந்தாளியோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அது இப்போது வாசலில் தொங்குகிறது. லேத்காரர் இன்னும் பேக்கிங்கில் இருக்கிறார்.

அடுத்த சோதனையில் லேத் முன்னால் பட்டியலோடு நின்றேன். மேனேஜர் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. பழைய மெமோவை எடுத்து அப்படியே பார்த்து எழுதினேன். இயந்திரத்தில் கறை என்ற வரியைக்கூட மாற்றவில்லை. லேத்காரர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் மேனேஜர் பெயரை எழுதி, கையெழுத்துக்காக அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.