மாப்பிள்ளையின் கால் கழுவியவன்

பதினேழு வயதில் காலிதீனுக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு பெல்பொட்டமும் ஒரு சீப்பும். மூளை இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சோதனையில் ரெண்டு தரம் பெயில். வயலுக்குப் போகச் சொன்னால் இடுப்பு நோகும். ஆனால் சூறாவளிக்குப் பிறகு கல்முனையில் தியேட்டருக்குக் கூரை போட்டுத் திறந்ததும், முதல் ஆளாய்ப் போய் முன்வரிசைப் பலகையில் குந்தியவன் இவன்தான்.

ஒரு காதல் படம் ஓடியது. வெட்கப்படுகிற ஒரு பொடியன், பக்கத்து வீட்டுப் புள்ள. அவள் மற்ற எல்லாருக்கும் முகத்தை மறைப்பாள், அவனைக் கண்டால் மட்டும் முக்காட்டை நழுவவிடுவாள். அவ்வளவுதான் கதை. நம்மட ஆள் அதை மூச்சுவிடாமல் பார்த்துவிட்டு வீதி நெடுக யோசித்துக்கொண்டே வந்தான். யோசித்துப் பழக்கமில்லாதவன், பாருங்க! வீடு வந்து சேருமுன் அவனுக்கு விசயம் விளங்கிவிட்டது. சுல்பிகா தன்னை விரும்புகிறாள்.

சுல்பிகா அடுத்த வளவு மீராமுகைதீனின் ஒரே பிள்ளை. குமரான நாளிலிருந்து அவளை அந்நிய ஆம்பிளை யாரும் கண்டதில்லை. காலிதீன் போனால் மட்டும் தலையில் துணியில்லாமல் வந்து நின்று, "காக்கா, தேத்தண்ணி ஊத்தவா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பாள். இதைவிட என்ன அத்தாட்சி வேணும் அவனுக்கு!

அடே பேயா! அவள் பிறந்தபோது தாய் சன்னி கண்டு கிடக்க, உன்ர உம்மா ஸாலிஹாதானே உனக்குக் குடுத்த பாலை அவளுக்கும் குடுத்து வளர்த்தாள்? ஒரே பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் முக்காடும் வேண்டாம், நிக்காஹும் ஆகாது என்று ஓதப்பள்ளியில் லெப்பை தொண்டை வறளச் சொன்னாரே, அப்போது எங்கே வாய் பார்த்துக்கொண்டிருந்தாய்? பால் குடுத்த கதை அவனுக்குத் தெரியாமலில்லை. அதனால் உரிமை கூடத்தானே செய்யும் என்று இந்த மேதை முடிவு கட்டியிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மீராமுகைதீன் வெற்றிலை வட்டாவும் வாழைக்குலையுமாக இவர்கள் வீட்டுக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவது. காலிதீன் பவுடரை அப்பி, தலையைப் படிய வாரி, நாணிக்கோணிக் கதவடியில் வந்து நின்றான். பார்க்கச் சகிக்காது.

"மகன், உங்களத்தான் கேட்டு வந்த," என்றார் அவர்.

"ஓம் மாமா," என்றான். அதுவரை சித்தப்பா முறையில் சாச்சா என்று கூப்பிட்டவரை அன்றைக்கே மாமனாராக்கிவிட்டான்.

"சுல்பிகாவுக்கு அட்டாளைச்சேனை மாஸ்டர் ஒருத்தர முடிவாக்கிரிக்கம். மாப்பிள வரக்குள்ள பொண்ணுட சகோதரம் கால் கழுவோணுமே. அவளோட பால் குடிச்ச காக்கா நீங்க இரிக்கக்குள்ள நான் வேற ஆரத் தேடுற?"

காலிதீன் வாயைத் திறக்குமுன் "அதுக்கென்ன, அவன் செய்வான்," என்று உள்ளிருந்து ஸாலிஹா சொல்லி முடித்தாள். அவன் கிணற்றடிக்குப் போய்ப் பவுடரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மாட்டேன் என்று சொல்ல வேண்டுமென்றுதான் நினைத்தான். தைரியம் இருந்தால்தானே.

கலியாணத்தன்று மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். காலிதீன் குந்தி, சப்பாத்தைக் கழற்றி, பேசினுக்குள் கால்களை எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினான். மாஸ்டரின் பெருவிரல் நகம் கறுத்துப்போய்க் கிடந்தது. இந்தக் காலுக்கா என்று நெஞ்சு வெந்தது. அடக்க மாட்டாமல் எல்லாருக்கும் முன்னால் ஓவென்று அழுதுவிட்டான்.

திரைக்குப் பின்னாலிருந்து சுல்பிகாவும் விம்மினாள். "அழாதீங்க காக்கா. நான் எங்க போகப்போறன்? அவரும் நானும் இந்த வீட்டிலதானே இரிக்கப்போறம்."

"கூடப்பிறந்தவனும் இப்பிடி அழமாட்டான்," என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மாஸ்டர் மனம் இளகி, வழக்கப்படி ஒரு மோதிரத்தை அவன் விரலில் போட்டு, "மச்சான்," என்று தோளைத் தட்டினார்.

பாசக்காரக் காக்கா என்ற பேர் அன்றோடு ஊரில் ஒட்டிக்கொண்டது. வெட்கங்கெட்டவன், ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. அடுத்த கிழமை சுல்பிகா, தலையில் துணியில்லாமல், வேலிக்கு மேலால் தேத்தண்ணியை நீட்டினாள். வாங்கிக் குடித்தான்.