ஆளில்லாத ஊத்தா

இது நடந்தது. நம்பாதவர்கள் காரைக்காலுக்குப் போய் சஃப்வானையே கேட்கலாம். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுப்பான். அவன் வலது கையை மட்டும் குலுக்க வேண்டாம்.

சஃப்வானுக்குச் சவூதியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சென்னையில் கைரேகை கொடுத்தால் விசா. "வெரல்ல ஒரு கீறல் இருக்கப்படாது தம்பி, மிஷின் ஏத்துக்காது" என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் மருதாணி வைத்துக் காயாத கையைப் போல வலது கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தான். வீட்டில் வெங்காயம்கூட உரிப்பதில்லை. அதற்கு முன்பும் உரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஏன் ஏரிக்குப் போனான்? விரால். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தடவை உம்மா கையால் வைத்த விரால் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

கூப்பிட்டவன் வரிச்சிக்குடி அகரன், கூடப் படித்தவன். ஐப்பசியில் வாய்க்கால் தண்ணீர் புகும்போது அவர்கள் ஊர் ஏரியில் கெண்டை எதிரேறும், தூண்டில் போதும். தை மாதம் வலை. சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும், விரால் சேற்றில் பதுங்கும். அதற்கு ஊத்தாதான். அடியில்லாத மூங்கில் கூடை அது. சேற்றில் குத்தி அழுத்தினால் உள்ளே மாட்டிய மீன் மோதும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும்.

அந்த ஏரிக்கு ஒரே சட்டம். அடுத்தவர் குத்திய ஊத்தாவில் கை விடக்கூடாது.

காலையிலிருந்து குத்தியும் சஃப்வானுக்கு ஒரு பொடிமீன்கூடச் சிக்கவில்லை. பக்கத்தில் குத்திக்கொண்டிருந்த மாரிக்கண்ணு என்கிற பெண்ணின் கூடையில் விரால்கள் துள்ளின.

"என்னா டவுனு தம்பி, வரேன்னு மீனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லலியா?"

"அவன் கைய லாக்கர்ல வெச்சிட்டு வந்திருக்கான்க்கா" என்றான் அகரன்.

ஏரியே சிரித்தது.

உச்சிவெயில். எல்லாரும் சாப்பிடக் கரையேறினார்கள். வெறுங்கையோடு ஏற அவனுக்கு மனம் வரவில்லை. கோரை மண்டிய மூலைக்கு நடந்தான்.

அங்கே ஒரு ஊத்தா நின்றது. தனியாக.

கருத்த மூங்கில். வாயைச் சுற்றிப் பச்சை நைலான் கயிறு. ஏரி முழுக்கக் கலங்கிக் கிடக்க, அங்கே மட்டும் தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு கொக்குகூட இல்லை.

டொக்.

உள்ளே ஏதோ மோதியது.

டொக்... டொக்...

பெரிய விரால். கரையைப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. வலது கையை விட்டான்.

வெளியே தண்ணீர் வடிகஞ்சிச் சூடு. உள்ளே ஐஸ்.

துழாவினான். வழுவழுவென்று ஒன்று. பிடித்தான்.

அது திருப்பிப் பிடித்தது.

ஐந்து விரல்.

இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. தடவியது. கட்டைவிரல் நுனி... ஆள்காட்டி விரல் நுனி... நடுவிரல்... எதையோ துடைப்பதைப் போல. அவசரமே இல்லாமல்.

சுண்டுவிரல் முடிந்தது.

விட்டது.

கரையில் வந்து விழுந்தபோதுதான் தான் கத்திக்கொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது.

"ஏன்டா கத்துற?" என்றான் அகரன்.

"அந்த ஊத்தா..."

"எந்த ஊத்தா?"

கோரை மட்டும் ஆடியது. காற்று இல்லை.

மாரிக்கண்ணு சோற்றுக்கையோடு வந்தாள். "எந்தக் கைய விட்ட?"

நீட்டினான். பிடித்தாள். விரல்களைத் தடவினாள். அப்புறம் விடவே இல்லை. அகரன்தான் பிரித்துவிட்டான்.

கையில் கீறல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விரலை வைத்தால் ஃபோன் திறக்கவில்லை. சேறு என்று நினைத்துக் கழுவினான். திறக்கவில்லை. ரகசிய எண்ணை அழுத்தித் திறந்துகொண்டான்.

திங்கட்கிழமை. சென்னை. மிஷின் கத்தியது.

"சார், நீங்க முன்னாடியே சவூதி போயிருக்கீங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"இல்ல மேடம். இதான் மொத தடவ."

"பொய் சொன்னா கேன்சல்தான்."

திரையைத் திருப்பிக் காட்டினாள். வேறொரு ஆள். அடர்ந்த மீசை. சோமசேகரன், வரிச்சிக்குடி.

விசா போயிற்று. வாசலில் நின்று அகரனை அழைத்தான்.

"சோமசேகரன் யாருடா?"

அகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாரிக்கண்ணு அக்கா வூட்டுக்காரரு. சவூதிலேர்ந்து லீவுல வந்தவரு... போன சித்திரைல அந்தக் கோரையிலதான்டா செத்துக் கெடந்தாரு. ஊத்தாவுக்குள்ள கை மாட்டுனபடியே. உருவ முடியல. ஊத்தாவோட வெச்சுத்தான் எரிச்சோம்."

"பச்சக் கயிறு கட்டுனதா?"

"...ஒனக்கு எப்புடிடா தெரியும்?"

சஃப்வான் வீடு திரும்பியபோது வாசற்படியில் மாரிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். உம்மா கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கைய எப்ப குடுப்ப?"

நேற்றும் வந்திருந்தாள்.

மீன் நறுக்கும் அரிவாள்மணையோடு.