தொண்டையைப் பிடிக்கும் பச்சை எண்ணெய்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் இருக்கும் வசந்தி வீட்டிலிருந்து வண்டி கிளம்பியது. நவம்பர் முதல் வாரம். வெளியே நல்ல குளிர். வண்டியை ஓட்டியது என் ஓரகத்தி வசந்தி, என் கொழுந்தனாரின் மனைவி. கொழுந்தனாருக்கு அன்று வேலை. நான் முன்சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்சீட்டில் என் வீட்டுக்காரர். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை டப்பா.

எங்கே போகிறோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆலிவ் எண்ணெய் எடுப்பதைப் பார்க்கப் போகிறோம். அதற்காகத்தான் டெக்சாஸில் இர்விங்கிலிருந்து மூன்றரை மணி நேரம் விமானத்தில் பறந்து வந்திருந்தோம்.

காரணம் இவர்தான். மார்ச் மாதம் இவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். முருகன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைக் கண்டாலே பயப்பட ஆரம்பித்தார். எண்ணெய் என்றால் விஷம் மாதிரி. வேகவைத்த காய், உப்பில்லாத ஓட்ஸ். "அளவாக நல்ல எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆலிவ் எண்ணெய் நல்லது" என்று டாக்டர் அம்மாவே சொல்லியும் கேட்கவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டோம். நோய் விட்டுவிட்டது, பயம் தின்றுவிடும் போலிருக்கிறதே என்று வசந்தியிடம் போனில் அழுதேன். "கூட்டிட்டு வாங்கக்கா, ஒரு எடத்துக்குப் போலாம்" என்றாள்.

680 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். இருபுறமும் காய்ந்த புல் மூடிய மஞ்சள் குன்றுகள். பெனிசியா பாலத்தில் ஏறும்போது கீழே தண்ணீர் வெள்ளித்தகடு போல் கிடந்தது.

"மாமா, ஹீட்டர் ஜாஸ்தியா இருக்கா? கம்மி பண்ணவா?" என்றாள் வசந்தி.

"பரவால்லம்மா."

"ஒரு காலத்துல இந்தக் குரலுக்கு அபார்ட்மென்ட்டே அதிரும். இப்ப பாருங்கக்கா, கஸ்டமர் சர்வீஸ் மாதிரி பேசறாரு."

அவர் லேசாக உதட்டை அசைத்தார். அவ்வளவுதான்.

அந்த அபார்ட்மென்ட் என் கண்முன்னால் வந்து நின்றது. இருபது வருஷத்துக்கு முன் அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் இர்விங்கில் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டே படுக்கையறை. கார் ஒன்றுதான். பத்தாவது படித்த எனக்கு ஊர், பாஷை எல்லாமே பயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பயமே இருக்காது. வசந்தி தாளித்தால் புகை அலாரம் அலறும். நான் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறுவேன். இவர் தட்டில் இட்லிப் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பார். "அண்ணா, இட்லிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடு" என்பார் கொழுந்தனார். இவர் சிரிக்கிற சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். அந்தத் தட்டு எப்போது கேட்கும் என்று நாங்கள் காத்திருப்போம்.

ஃபேர்ஃபீல்டில் காபிக்கு நிறுத்தினோம். வேக்கவில் தாண்டி 505-இல் திரும்பினால் விண்டர்ஸ். சான்டா கிளாராவிலிருந்து தொண்ணூறு மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஊருக்கு வெளியே வாதுமைத் தோப்புகளுக்கு நடுவே அந்தச் சின்ன ஆலை. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள் வந்து கை கொடுத்தார். ரோஸ் என்று பெயர். அறுபது வயதிருக்கும். ஆலையும் தோப்பும் அவருடையவை. அவர் இங்கிலீஷில் சொன்னதை வசந்தி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆலிவ் காய் பார்க்க நம் களாக்காய் மாதிரி. பச்சையாகவும், சில லேசாக ஊதா ஓடியும் பெரிய வெள்ளைத் தொட்டிகளில் வந்து இறங்கின. விடியற்காலையில் பறித்தவை, அன்றைக்கே ஆட்டிவிட வேண்டுமாம். காய் குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்து எண்ணெய் கெட்டுவிடும். முதலில் இலையை ஊதித் தள்ளுகிறது ஒரு யந்திரம். பிறகு காயைக் கழுவி, கொட்டையோடு நசுக்குகிறார்கள். அந்தப் பச்சை விழுது இரும்புத் தொட்டியில் முக்கால் மணி நேரம் மெதுவாகப் புரள்கிறது. சூடு ஏற்றுவதில்லை. சூடு ஏற்றினால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் சத்து போய்விடும். கடைசியில் ஒரு யந்திரம் வேகமாகச் சுழற்றிச் சக்கையையும் தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்கிறது. குழாயில் எண்ணெய் வந்தபோது நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். கிளிப்பச்சை! வெட்டின புல்லும் தக்காளி இலையும் சேர்ந்த வாசனை.

பழுக்க விட்டால் எண்ணெய் அதிகம் வருமே, ஏன் பச்சையாகப் பறிக்கிறீர்கள் என்று வசந்தியைக் கேட்கச் சொன்னேன். பச்சைக் காயில்தான் பாலிஃபீனால் என்கிற சத்து அதிகம் என்றார் ரோஸ். கசப்பையும் காரத்தையும் கொடுப்பது அதுதான். ரத்தக்குழாய்க்கு நல்லது, உடம்புக்குள் இருக்கும் அழற்சியைத் தணிக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். "ஆனா இது மருந்து இல்ல, மாத்திரைய நிறுத்திடாதீங்கன்னு சொல்றாங்க மாமா" என்று வசந்தி பின்னால் திரும்பிச் சொன்னாள். இவர் காதில் விழவில்லை. சுழலும் யந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு மாதத்தில் ஒரு பொருளை அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

பிறகு சின்ன நீலக் கிண்ணங்களில் எண்ணெயை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். நான் கையை நீட்டித் தடுத்தேன். எங்கள் வீட்டில் புது எண்ணெய் எது வந்தாலும் முதலில் சாமி விளக்குக்கு. அப்புறம்தான் வாய்க்கு. அமெரிக்கா வந்தும் இதை ஒரு நாள் விட்டதில்லை. கைப்பையில் அகலும் திரியும் கொண்டுவந்திருந்தேன்.

வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது கலிஃபோர்னியா. ஒரு நெருப்புப் பொறி விழுந்தா ஹெலிகாப்டர் வரும்!" ஆனாலும் ரோஸிடம் கேட்டாள். அவர் யோசித்து, எங்களைத் தோப்புப் பக்கம் விடாமல், ஆலைக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் குழாயடியைக் காட்டினார். ஒரு வாளி தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உள்ளே யந்திரக் குழாயில் வந்துகொண்டிருந்த எண்ணெயையே அகலில் பிடித்து வந்தேன். 'முருகா, இவருக்கு தைரியத்தைக் கொடு' என்று வேண்டிக்கொண்டு திரியை ஏற்றினேன். சடசடவென்று பொரிந்தது. ஒரு முறை துள்ளி, அணைந்தே போய்விட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி பொரிந்து அணைந்தது.

அவர் உயிருக்காக ஏற்றிய விளக்கு. தூர தேசத்தில், யார் யார் முன்னாலோ, இரண்டு தடவை அணைந்துவிட்டதே. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மரகதம், எந்திரி" என்றார் இவர். "ஈரம் அது. வேற ஒண்ணுமில்ல. இப்பதான உள்ள பாத்த, தண்ணியையும் எண்ணெயையும் பிரிக்கறத? பொடிப்பொடியா தண்ணி இன்னும் உள்ள நிக்குது. ஈரச்சட்டில எண்ணெய ஊத்தினா பொரியாதா? இத்தனை வருஷம் சமைச்சவளுக்கு இது தெரியலயா?"

வசந்தி அதை ரோஸிடம் சொன்னாள். ரோஸ் பலமாகத் தலையாட்டி, போன மாதம் ஆட்டி, அடங்க விட்டு வடிகட்டிய எண்ணெயை ஒரு குவளையில் கொண்டுவந்தார். இவரே குனிந்து அகலைத் துடைத்து, புதுத் திரி போட்டு, அந்த எண்ணெயை ஊற்றி ஏற்றினார். சுடர் சிவப்பாக, நேராக, அசையாமல் நின்றது. என்னை தைரியமாக இருக்கச் சொல்லுகிற மனிதராக அவர் எட்டு மாதம் கழித்து அங்கே நின்றார். நான் கும்பிட்டது சுடரையா அவரையா, தெரியாது.

அதன்பின் கிண்ணத்தை எடுத்தவர் அவர்தான். ஒரே மடக்கு. முகம் கோணியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். இன்னொரு தடவை இருமினார். கை நெஞ்சுக்குப் போனது. நான் பதறி அவர் தோளைப் பிடித்தேன்.

ரோஸ் கைதட்டிச் சிரித்தார். "ரெண்டு இருமல்! ஒரு இருமல் வந்தா நல்ல எண்ணெய், ரெண்டு வந்தா உசத்தியான எண்ணெயாம் மாமா" என்று வசந்தி கத்தினாள். அந்தக் காரம்தான் பாலிஃபீனாலின் அடையாளமாம். இவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"மிளகு கஷாயம் மாதிரி இருக்குடி. நீயும் குடி" என்று எனக்கு நீட்டினார். நான் மூன்று தடவை இருமினேன். "உனக்குத்தான் முதல் பரிசு" என்று சிரித்தார். கீழ்வீட்டுக்காரர் இல்லை, யாரும் கூரையைத் தட்டவில்லை. எனக்கென்னவோ கேட்டது.

மதியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். எங்களுக்குப் பொடி இட்லி. அவருக்கு வேகவைத்த கேரட், ஓட்ஸ். அவர் தன் டப்பாவை மூடி வைத்துவிட்டு வசந்தியிடமிருந்து ஓர் இட்லியை எடுத்தார். பச்சை எண்ணெயை ஒரு ஸ்பூன் அளந்து பொடியில் விட்டார். "கசக்குது. ஆனா உள்ள போகுது" என்றார். இன்னோர் இட்லிக்குக் கை நீண்டது. ரொட்டியோடு மட்டுமே அந்த எண்ணெயைத் தொட்டுச் சாப்பிட்டுப் பழகிய ரோஸும் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்று, கண்ணில் நீர் வழிய எங்கள் பொடிக்குத் தனியாக இருமினார்.

அரை லிட்டர் பாட்டில் முப்பத்தெட்டு டாலர். இரண்டு வாங்கினோம். கறுப்புக் கண்ணாடி, வெளிச்சம் பட்டால் சத்து குறையுமாம். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், சமைத்து இறக்கியபின் மேலே ஊற்றிக்கொண்டால் நல்லது என்றார் ரோஸ். திங்கட்கிழமை விமான நிலையத்தில் வசந்தி என்னைக் கட்டிக்கொண்டபோது, ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நின்ற நாட்கள் திரும்ப வராதே என்று நானும் அவளை இறுக்கிக்கொண்டேன். பெட்டிக்குள் என் புடவைக்கு நடுவே பாட்டில்கள் பத்திரமாக இருந்தன.

இர்விங்கில் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. கலிஃபோர்னியாவின் குன்றில்லை, தோப்பில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் மட்டும். புதன்கிழமை இரவு வெண்டைக்காய்ப் பொரியல் வைத்து, மேலே ஒரு ஸ்பூன் பச்சை எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் போட்டவர் நிமிர்ந்தார்.

"என்ன மரகதம் இது, கொழகொழன்னு? இப்படிப் பண்ணா மனுஷன் எப்படிச் சாப்பிடறது?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் என் சமையலில் சொன்ன முதல் குறை. அதுவரை எது வைத்தாலும் மாத்திரை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிப் போய், பொரியலைச் சட்டியில் கொட்டி, சிறு தீயில் நிதானமாக வதக்கினேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மேசையிலிருந்து குரல் அதட்டியது.