மீட்டர் குச்சிகளும் விமலாவும் நானும்

மண்ணில்லாமல் செடி வளர்க்கும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, இருட்டிய பிறகு வரும் அந்தச் சத்தத்தை நான் சொல்லத் தேவையில்லை. சரளைக்கல் பாத்திகளிலிருந்து உரத்தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்போது, யாரோ தொண்டை கொப்பளிப்பதுபோல 'களக், களக்' என்று வரும். முதல் மாதம் முழுக்க ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன். பண்டாரவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் முதலாளி ஹாஜியார் கட்டிய கண்ணாடிக் கூடாரம் அது. ஹோட்டல்களுக்காகத் தக்காளி போட்டிருந்தார். தண்ணீரில் புளிப்பு எவ்வளவு, உரத்தின் உப்பு எவ்வளவு என்று அளக்கும் இரண்டு மீட்டர் குச்சிகளைக் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை. கைக்குழந்தையையும் உடையும் சாமானையும் ஒன்றாகக் காப்பாற்றிப் பிழைப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மகள் தூங்குகிறாள், எழும்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூக்குத் துடைத்தல்

புளிப்புக் குச்சியின் நுனியில் வெங்காயச் சருகுபோல மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதைத் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். காயவும் விடக்கூடாது, உப்புக் கரைசல் விட்ட மூடிக்குள் எந்நேரமும் நனைந்தபடி இருக்க வேண்டும். ஒருநாள் தக்காளி பார்க்க வந்த வெலிமடை விவசாயி ஒருவர், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மையொற்றும் தாளால் அதை ஒற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னார்: "எங்க கிழங்கும் வளருதுதான் தங்கச்சி. அதுக்கு யாரும் மூக்குத் துடைச்சி விடுறதில்ல."

பச்சை உடம்பு

பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தால், என் ஸ்டூலில் விமலா. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பெண். எட்டாவதோடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். நானோ பதுளை கான்வென்டில் சிஸ்டர்மாரிடம் இங்கிலீஷில் விஞ்ஞானம் படித்தவள்.

அவள் தேசிக்காய் எலுமிச்சைப் புளியில் குச்சியைச் சற்று ஊறவைத்து, படிந்திருந்த உப்பைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் மூன்று முறை அலசினாள். குறை கண்டுபிடிக்கத்தான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் போதாதென்று ஹாஜியார் வந்து சொன்னார்: "பச்ச ஒடம்பு மகள். நீங்க உக்காந்து ரிப்போட்ட எழுதுங்க. குச்சிய விமலா பாக்கட்டும்."

வீட்டிலும் அவள்

என் வீட்டுக்காரர் ஹாஜியாரின் லொறி டிரைவர். காலையில் தக்காளிப் பெட்டி ஏற்ற வருவார். விமலா அளக்க ஆரம்பித்த பிறகு காய் நன்றாகப் பெருத்திருக்கிறது என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். நான் குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உப்பு கம்மியா இருக்கு. விமலாவ கூப்பிட்டு அளந்து பாக்கவா?"

பளபளப்பு

அடுத்த நாள் அவள் வருமுன்பே மீட்டர் அறைக்குள் போய்விட்டேன். நான் இல்லாதபோது வாங்கியிருந்த புது உப்புக் குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இரண்டு சின்னத் தகடுகள். பழைய குச்சியில் அவை வெள்ளையாக இருக்கும். இதில் கரி அப்பியதுபோல ஒரே கறுப்பு. அகப்பட்டாள் என்று நினைத்தேன். பற்பொடியும் பிரஷும் எடுத்துத் தேய்த்தேன், தகடு மின்னும்வரை தேய்த்தேன்.

கழுவிய குச்சியை, உப்பு அளவு தெரிந்த சோதனைத் தண்ணீரில் முக்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் பால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, சட்டை நனைய ஆரம்பித்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது ஹாஜியார் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற பிறகு அங்கே எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அன்றைக்குத்தான் கிடைத்தது: "இதுதான் படிச்ச கை."

இலை ஓரம்

மீட்டர் உப்புக் குறைவு என்றது. விமலா உரம் கரைத்து ஊற்றினாள். மறுநாளும் குறைவு என்றது, மறுபடியும் ஊற்றினாள். ஒரு வாரத்துக்குள் தீக்குச்சி காட்டியதுபோல இலை ஓரங்கள் கருகிவிட்டன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஹாஜியார் அவளிடம் சொல்லிவிட்டார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குள் ஒரு மூலையில் இனித்தது. அவள் அழவில்லை. கொழுந்து பறிக்கும்போது போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று சொன்னாள்: "மீட்டர் கேட்டதத்தான் குடுத்தேங்க ஹாஜியார். என் இஷ்டத்துக்கு ஒரு கரண்டி போடல."

திறக்காத புத்தகம்

அன்று மாலை, புதுக் குச்சியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. வேண்டுமென்றே தகட்டில் ஏற்றிய பூச்சு. பிரஷ் படக்கூடாது. பூச்சுப் போனால், உப்பு அதிகமுள்ள தண்ணீரையும் குறைத்துத்தான் காட்டும். சொன்னால் என் வேலை போகும், வீட்டுக்காரரின் லொறியும் போகலாம். சொல்லாவிட்டால் விமலா கூடையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேற வேண்டும்.

காலையில் குச்சியைச் சோதனைத் தண்ணீரில் முக்கினேன். குறைத்துத்தான் காட்டியது. ஹாஜியாரிடம் பற்பொடி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் செய்தேன் என்பதையும். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "இங்க இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதானே மகள். அந்தப் பொஸ்தகத்த வாசிக்கச் சொல்லி நான் வேற யாரக் கேக்க?"

உதவிக்குப் போனது

எனக்குத் தண்டனை, லயத்துக்கு நானே போய் விமலாவைக் கூட்டி வருவது. போனேன், லயமே வாசலில் நின்று பார்க்க மன்னிப்பும் கேட்டேன். ரிப்போர்ட் எழுத என்னை வைத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறு குச்சி வந்ததும், விமலா அதைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு மீட்டர் அறைக்குள் போனாள். உதவி செய்யலாமென்று நானும் பின்னால் போனேன். அவள் வாசலில் நின்று சிரித்தாள். "கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீங்க ரொம்பச் சுத்தக்காரி, எனக்கு அதான் பயம்."

அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட அந்த நாள் முதல் எங்கள் கூடாரத்தில் ஓர் இலைகூடக் கருகவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.