பூச்சி இல்லை

பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது என் கையெழுத்து எப்படி இருந்தது என்பதை இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். பழைய வீடியோ விளையாட்டுகள் எப்படி உருவாயின என்பதை ஆவணப்படமாக்கி, அந்தப் படத்தையும் ஒரு விளையாட்டைப் போலவே வெளியிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை. திரையில் ஒரு காலக்கோடு இருக்கும், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ஓவியர் கிறுக்கிப் போட்ட காகிதத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், செய்தவர் பேசுவதைக் கேட்கலாம், பாதியில் கைவிட்ட பதிப்பைக்கூட அங்கேயே ஆடிப் பார்க்கலாம். பேர் பெற்ற விளையாட்டுகளுக்குத்தான் பொதுவாக இந்த மரியாதை கிடைக்கும். சமீபத்தில் வந்த ஒன்றில், கடைக்கே வராமல் போன விளையாட்டுகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்கள். அதில் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள பெர்மாஸ் ஜெயாவில், எங்கள் வீட்டு முன்னறையில் செய்யப்பட்ட ஒரு விளையாட்டும் இருக்கிறது. செய்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை.

விடுமுறை நாளில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சித்தி கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் அடித்து வரைந்த மின்மினிகள் இருந்தன. அவருடைய சீனத் தோழி வரைந்த முதலையும் இருந்தது, பதினொரு விதமான முகபாவத்தோடு. ஒரு பொத்தானை அழுத்தினால் கோத்தா திங்கி ஆற்றங்கரையில் இருவரும் போய்ப் பதிவு செய்து வந்த தவளைச் சத்தம் கேட்கிறது. இவற்றுக்கு நடுவே பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு பக்கம். பென்சிலில், கொம்பும் சுழியும் கோட்டுக்கு வெளியே ஓட, இரண்டே வரி: ‘நாலாவது ஆறு. பூச்சி இல்லை.’

அதன் கீழே ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். இது இறுதிப் பரிசோதனை அறிக்கையாம். நான்காம் கட்டத்தில் பிழை எதுவும் இல்லை என்று பரிசோதகர் உறுதி செய்கிறாராம். அந்தப் பரிசோதகர் நான்தான், வயது ஒன்பது. நான் பிழையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. விளக்கம் தவறு என்று படத்தைத் தயாரித்த குழுவுக்கு எழுதினேன். நடந்ததை விவரமாக எழுதித் தாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. எழுதிவிடுகிறேன். மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் சித்தியே அதை அப்படித்தான் படித்தார்.

சித்தி அப்போது கணினிப் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு இருந்தார். சிங்கப்பூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அதற்குப் போகாமல், தோழியோடு சேர்ந்து முன்னறையில் பெரிய தலை கொண்ட கணினியை வைத்துக்கொண்டு ‘மின்மினி ஆறு’ என்ற விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். சம்பான் என்ற சிறு படகை ஓட்டிக்கொண்டு ஆற்றில் போக வேண்டும். கரையோர மரங்களில் மின்மினிகள் விட்டுவிட்டு ஒளிரும். அந்த வெளிச்சத்தில்தான் வழி தெரியும், முதலையும் தெரியும். மொத்தம் நான்கு ஆறுகள்.

விளையாட்டைச் செய்வதற்கும் விளையாடுவதற்கும் உள்ள வித்தியாசம் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரு ஆள் திரைக்கு முன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். பாசீர் கூடாங் தொழிற்சாலையிலிருந்து வியர்வையோடு வீடு திரும்புகிறவருக்கு அது வேறு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விளையாட்டுகளை வெளியிடும் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சித்தி வீட்டிலேயே இருந்து இந்த வேலையைத் தொடரலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் முடிந்ததும் மறுபேச்சு இல்லாமல் சிங்கப்பூர் வேலைக்குப் போக வேண்டும்.

எனக்கு இதில் சொந்தக் கவலை இருந்தது. எங்கள் வரிசையில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அடுத்த வீட்டுப் பெண் தன் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முழுதாகப் பார்ப்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவது சித்தி. கணக்கு சொல்லிக் கொடுப்பது சித்தி. நான் தூங்குவதும் சித்தியின் பக்கத்தில்தான். சித்தி போகக் கூடாது. அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன், அதுதான் வினையாகப் போயிற்று.

சித்தியும் தோழியும் வேலை செய்யும்போது நாள் முழுக்க ‘பக்’, ‘பக்’ என்று பேசிக்கொள்வார்கள். அப்படியென்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பூச்சி” என்றார். பாடம் அவ்வளவுதான். கணினி நிரலில் வரும் பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்றுதான் பேர், மலாயிலும் மூட்டைப்பூச்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆகவே சித்தி சொன்னதில் பிசகில்லை. ஆனால் அவர் செய்துகொண்டிருந்ததோ பூச்சிகள் நிறைந்த விளையாட்டு. “இன்னும் ஒரு பூச்சி இருக்கு” என்று சித்தி சொல்லும்போது மரத்தில் இன்னொரு மின்மினி கூடியிருக்கிறது என்று நினைத்தேன். “பூச்சியப் புடிச்சாச்சு” என்று சந்தோஷப்படும்போது நானும் சந்தோஷப்பட்டேன். மாதக்கணக்கில் இருவரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பேசினோம், எங்கேயும் இடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளி விட்டு வந்தபோது சித்தி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். மறுநாளுக்கு வேண்டிய காகிதங்களைத் தோழியின் வீட்டில்தான் அச்செடுக்க முடியும். நாலாவது ஆற்றில் முதல் நாள்தான் ஏதோ மாற்றியிருந்தார்.

“பாப்பா, நாலாவது ஆத்த மட்டும் ஒரு தடவ முழுசா ஆடிப் பாரு. பூச்சி இருந்தா எங்கன்னு நோட்டுல எழுதி வை. இல்லன்னா இல்லன்னு எழுது.”

அதுவரை கணினியைத் தொடுவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்த எனக்கு இது பெரிய பதவி. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மரத்திலேயே பூச்சிகள் கணக்கில்லாமல் மின்னின. எண்ண ஆரம்பித்தால் அணைந்துவிடும், விட்டால் ஒளிரும். மூன்று தடவை எண்ணி, மூன்று விடை வந்தது. நான்காவது தடவை எண்ணும்போது கை தவறிப் படகு வலது கரையில் போய் முட்டியது. முட்டி நிற்க வேண்டிய படகு, இரண்டு மரங்களுக்கு நடுவே அப்படியே உள்ளே போய்விட்டது.

அந்தப் பக்கம் மரமே இல்லை. முதலையும் இல்லை. கறுப்புத் தண்ணீர் மட்டும், தவளைச் சத்தம் மட்டும். ஒரு மின்மினிகூடக் கிடையாது. சித்தி தேடச் சொன்ன இடம் இதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மரத்தில் பூச்சி இருப்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே, அதை எழுதி என்ன ஆகப்போகிறது? இல்லாத இடத்தைக் கண்டுபிடித்ததுதான் கெட்டிக்காரத்தனம். ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரில் சுற்றினேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் கணினியை அணைத்துவிட்டு, மேலே சொன்ன இரண்டு வரியை எழுதினேன்.

பாதிச் சாப்பாட்டில் தொலைபேசி மணி அடித்தது. சித்திதான்.

“ஆடிட்டியா? பூச்சி இருந்துச்சா?”

“முன்னால நெறைய இருந்துச்சு சித்தி. கடைசில ஒண்ணுகூட இல்ல.”

“நல்லாத் தேடினியா?”

“நல்லாத் தேடினேன். சுத்திச் சுத்திப் பாத்தேன்.”

“கெட்டிக்காரி” என்றார் சித்தி. அவர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. அப்புறம் தோழியிடம் ஏதோ சொல்ல, அங்கே இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை வந்தவர் நடுத்தர வயதுச் சீனர். காலணியைக் கழற்றி ஓரமாக, நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா கரிபாப் பலகாரம் பொரித்து வைத்திருந்தார். அப்பா சாரோங் கைலியை மாற்றிவிட்டு, கோயில் விசேஷத்துக்குப் போடும் காற்சட்டையைப் போட்டிருந்தார். சித்தி எவ்வளவு கடுமையாக உழைக்கிறார் என்று வந்தவரிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவரும் அப்பாதான். விட்டுக்கொடுக்க மாட்டார்.

முதல் மூன்று ஆறுகளும் அருமையாகப் போயின. முதலை கொட்டாவி விட்டபோது வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். தோழி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நாலாவது ஆறு தொடங்கியது. அவர் நடு ஆற்றிலேயே படகை ஓட்டிக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல இடம் பக்கத்தில் இருக்க, இவர் பார்க்காமலே போய்விட்டால்? நாற்காலிக்குப் பின்னாலிருந்து வலது கரையைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அங்கிள், கோ தேர். தேர் நோ பக்.”

எல்லாரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தார். வந்தவர் எனக்காகப் படகைத் திருப்பினார். படகு இரண்டு மரங்களுக்கு நடுவே நுழைந்தது. சித்தியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தான் செய்யாத ஒரு இடத்தில் தன் படகு போவதை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வந்தவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன், அமைதியாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு, வந்த வழியே படகைத் திருப்பினார். நான் முதல் நாள் படகைத் திருப்பவே இல்லை, அங்கிருந்தபடியே அணைத்துவிட்டேன். படம் உறைந்து போனது. எந்த விசையை அழுத்தினாலும் அசையவில்லை. தவளைச் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் சிக்கி, ‘கர்ர்ர்’ என்று நிற்காமல் கேட்டது. தோழி மெதுவாக, “அலமாக்” என்றார், ஐயையோ என்பது போல.

அப்பா தமிழில் கேட்டார்: “இத யாரு செக் பண்ணது?”

நான் வாயைத் திறந்தேன். கையைக்கூடத் தூக்கிவிட்டேன் என்று ஞாபகம். படம் நின்றதற்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை, பழைய கணினி, அவ்வப்போது நிற்கும். செக் பண்ணியது நான், அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சித்தி என் கையைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் மாமா. நேத்து நானே முழுசா பாத்தேன்.”

வந்தவரிடமும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் நல்லவர். இன்னொரு கரிபாப் எடுத்துக்கொண்டார், அம்மாவுக்கு நன்றி சொன்னார், என் கன்னத்தைத் தட்டினார். காலணியைப் போட்டுக்கொண்டே, செய்தவரே முழுசாகப் பார்த்தும் இது தெரியவில்லை என்றால் அந்த ஆளை நம்பித் தங்கள் நிறுவனம் எப்படி இறங்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். சித்தி இன்று சிங்கப்பூரில் ஒரு பெரிய குழுவையே நடத்துகிறார், கீழே இருப்பவர்கள் நடுங்குவார்கள் என்று கேள்வி. ஆவணப்படத்தில் அந்தச் சனிக்கிழமைப் பதிப்பை ஒரு மாற்றமும் செய்யாமல் வைத்திருக்கிறார்கள். நான் நான்கு தடவை வலது கரைக்குப் போனேன், நான்கு தடவையும் படகு உள்ளே நுழைந்தது, திரும்பும்போது படம் நின்றது. பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கடைசிப் பரிசோதனையில் இது எப்படித் தப்பியது? அதை அழுத்தினால், கண்ணாடி போட்ட, நரை விழுந்த சித்தி நேராக நம்மைப் பார்த்துச் சொல்கிறார்: “என் கவனக்குறைவு. வேற யாரும் காரணம் இல்ல.” அந்த இடத்தில் நான் படத்தை மூடிவிட்டு அழுதேன்.

ஒன்பது வயதில் அழவில்லை. கோபம்தான் வந்தது. சித்தி வெள்ளிக்கிழமை மதியம் வீட்டிலேயே இல்லை. மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள் நான். எல்லார் முன்னாலும், ஒரு வெளிநாட்டுக்காரர் முன்னாலும், என் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டுவிட்டார். அம்மா கோப்பைகளைக் கழுவும்போது போய் முறையிட்டேன்.

“நேத்து பாத்தது நான். சித்தி பொய் சொல்றாங்க.”

அம்மா குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “சத்தம் போடாத” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தார். தங்கச்சிக்குப் பரிந்துகொண்டு போகிறார் என்று அம்மாவின் மேலும் எனக்குக் கோபம்.

அந்த ஒரு வாரமும் நான் சித்தியோடு பேசவில்லை. தலையை அம்மாவிடம் பின்னிக்கொண்டேன். படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என்ன கோபம் பாப்பா என்று சித்தி இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை பதில் சொன்னேன்: “நீங்க பாத்தேன்னு சொன்னீங்கல்ல.” சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா, சொன்னேன்” என்றார். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

வாரம் முடிந்து, திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே சித்தி எழுந்து குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டார். வாசலில் சிங்கப்பூர் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் குனிந்து, போயிட்டு வர்றேன் பாப்பா என்று சொன்னபோது நான் விழித்துத்தான் இருந்தேன். செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு நான் எதற்காகக் கண்ணைத் திறக்க வேண்டும் என்று இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டேன்.